கீழ்வரிசையில் ஆறு

ஜூன் 3

முயலுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். இல்லாததை எதற்கு எழுத வேண்டும்? சின்ன வயசில் உனக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும் பழக்கத்தில் வந்துவிட்டது.

இதோடு ஒரு சின்னக் குப்பி இருக்கும். பதறாதே, அம்மாவின் பல்தான். போன செவ்வாய்க்கிழமை ஒரே மூச்சில் பிடுங்கிய ஏழில் இது ஒன்று. மூன்று வருஷமாக அம்மாவின் வாயிலிருந்து துளித்துளியாக எடுத்துக்கொண்டு போனாயே, முழுசாக ஒன்றை வைத்துக்கொள். ஸ்பிரிட்டில் இரண்டு நாள் ஊறவைத்துத்தான் அனுப்புகிறேன். உன் ஆய்வகத் தட்டில் ஒன்றும் முளைக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு காலையில் அம்மாவின் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. "பல்லா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கெஞ்சிவிட்டு, நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கே அழைத்துப் போனேன். பதினாறு வருஷமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஊரார் பல்லையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்கிறவள் நான். அம்மா எங்கள் டாக்டரிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "பெரியவள வெளிய நிக்கச் சொல்லுங்க." நின்றேன். கதவுக்கு இந்தப் பக்கம், முறை வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களோடு நானும். உள்ளே எஃகுத் தட்டில் பல் விழும் சத்தம் கேட்டது. எண்ணினேன். ஏழு.

டாக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உங்க வீட்லயா இப்படி?" என்றார். அந்த இடத்திலேயே புதைந்து போயிருக்கலாம். மேல்வரிசையில் இனி ஒன்றும் கிடையாது. கீழ்வரிசையில் முன்பக்கம் ஆறு பல் மிச்சம். அவையும் ஆடுகின்றன. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம், ஆனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

அம்மா மாட்டேன் என்றாள். "சின்னவ ஜூலைல வரா. அவ எடுத்துட்டுப் போகட்டும். அப்புறம் பண்ணிக்கறேன்."

எதை எடுத்துட்டுப் போகணும்? அன்று சாயங்காலம் அம்மாவின் அலமாரியைக் குடைந்தேன். மடித்த துணிகளுக்கு அடியில் ஒரு படிவம். 'எனக்கு ஈறுநோய் இருப்பதும் அதற்குச் சிகிச்சை தேவை என்பதும் எனக்கு விளக்கப்பட்டது. என் சொந்த விருப்பத்தின் பேரில் சிகிச்சையை மறுக்கிறேன்.' எழுத்து உன்னுடையது. கையெழுத்து அம்மாவுடையது. ஃப்ரீஸரில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் பதினொரு குழாய் எச்சில், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி. படிப்புக்கு எச்சில் வேண்டுமாம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தீர்கள் இரண்டு பேரும். நோயை வளரவிட்டு வேடிக்கை பார்க்கிறாய் என்று யாருக்குத் தெரியும்?

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அம்மாவுக்குப் போன் போட்டு, போதும், சிகிச்சை எடுத்துக்கொள் என்று சொல். நீ சொன்னால்தான் கேட்பாள். எனக்குப் போன் செய்யாதே, உன் நம்பரைத் தடுத்துவைத்திருக்கிறேன். பேச ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் இறங்கிவிடுவேன். சின்ன வயசிலிருந்து இதுதானே நடக்கிறது. காகிதத்தில் அழுது காட்டு, பார்க்கலாம்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

பல் வந்து சேர்ந்தது. ஆய்வகத்தில் பார்சலைப் பிரித்தபோது கூட வேலை செய்கிற இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். நீ நினைத்தது நடந்தது. சந்தோஷப்படு.

படிவத்தில் பொய் எதுவும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் விளக்கினேன். "அக்காகிட்ட காட்டும்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். "அவதான் ஆறு மாசத்துக்கு ஒருதரம் சுத்தம் பண்ணி விடறாளே" என்பாள். நான் நம்பினேன். தொலைவில் இருக்கிறவள் நம்பத்தானே முடியும்? நீ ஒரே கூரையின் கீழ் இருக்கிறாய். அடுத்தவர் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். உன் அம்மா வருஷக்கணக்காகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது உன் கண்ணில் படவில்லையா?

உனக்குக் கிருமி என்றால் சுரண்டி எறிகிற அழுக்கு. நான் பார்ப்பது வேறு. முதலில் வந்து பல்லில் ஒட்டுபவை சாதுக்கள், எல்லார் வாயிலும் உண்டு. அவற்றின் மேல் நீளமாக ஒன்று வந்து படுக்கும். அது முன்னால் வந்ததையும் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருவதையும் பிடித்துக்கொள்ளும். அது இடம் போட்டுக் கொடுக்காவிட்டால் கடைசியாக வருகிறதற்கு உட்காரவே வழியில்லை. அந்தக் கடைசி ஆளை நாங்கள் மைத்துளி என்று கூப்பிடுகிறோம். ரத்தம் கலந்த தட்டில் கறுப்பாக வளரும். அதற்குக் காற்று ஆகாது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பைக்குள் ஒளிந்திருக்கும். தனியாக வளர்த்தால் சவலையாகிச் சாகும். ஆனால் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும் போதும், சாதுவாக இருந்ததையெல்லாம் கெடுத்துவிடும். உடம்பின் காவலாட்களைக் குழப்பிவிடும். யாரை அடிப்பது என்று தெரியாமல் அவர்கள் சொந்த வீட்டையே இடிப்பார்கள். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கிருமி தின்பதில்லை அக்கா, உடம்பேதான் கரைத்துக்கொள்கிறது. அந்த இடிபாட்டில் இவை உட்கார்ந்து சாப்பிடும்.

அம்மாவின் வாயில் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை வந்து ஈறுப் பைக்குள் மெல்லிய காகிதக் குச்சியை விட்டு எடுப்பேன். அதன்பின் மைத்துளி இறங்கிவிடும். அம்மா வாராவாரம் பிடித்துவைக்கும் எச்சிலில் பார்த்தால், கடைசி மூன்று வாரம் மளமளவென்று ஏறி, நான் மறுபடி வரும் நாளில் உச்சியில் நிற்கும். ஏழாவது தடவைக்குப் பிறகு இது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒரு குச்சி தொட்டுக் கலைத்த கூட்டம் மறுபடி ஒன்றுசேர ஒன்பது வாரம் எடுக்கிறது. இதை இதுவரை யாரும் எழுதியதில்லை. தொடாமல் விட்டால் இன்னும் எவ்வளவு ஏறும் என்று பார்க்கத்தான் பதினெட்டாவது தடவையைத் தள்ளிவைத்தேன். மே பதினெட்டுக்கு வரவேண்டியவள் ஜூலை இருபதுக்கு வருகிறேன்.

அதுவரை அந்த ஆறு பல்லையும் யாரும் தொடக்கூடாது. இருபத்தொன்றாம் தேதி நானே அம்மாவிடம் சொல்கிறேன். ஆறு வாரம்தானே. மூன்று வருஷம் பார்க்காமல் இருந்தவளுக்கு ஆறு வாரம் பெரிதா?

தங்கை


ஜூன் 18

முயலே,

படித்தேன். காவலாட்கள், சாதுக்கள், இடிபாடு. கதை நன்றாகச் சொல்கிறாய். இப்போது நான் ஒரு கதை சொல்கிறேன்.

அம்மாவின் தலையணை உறையைத் தினமும் காலையில் மாற்றுகிறேன். எச்சிலும் ரத்தமும் கலந்து உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வெந்நீரில் போட்டால் கறை நின்றுவிடும் என்று பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிறேன். சாப்பாட்டை மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறேன். ஸ்பூனை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று நான் முன்னால் போய் நின்றேன். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். நான் நகரும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்ததில் ஒன்று தட்டுப்பட்டது. நான் ஆறு மாதத்துக்கு ஒருதரம் சுத்தம் செய்வதாக நம்பினாயாம். அப்படியானால் சிகிச்சையை மறுக்கிறாள் என்று படிவத்தில் எதற்கு எழுதினாய்? சுத்தம் செய்த வாயில் உன் மைத்துளி உச்சிக்கு ஏறுமா? குச்சியை விட்டு எடுக்கும்போதே ஈறு எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அங்கே யார் கையும் பட்டதில்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் சும்மா இருந்தாய். நம்பினேன் என்று என்னிடம் கதை அளக்காதே.

உன் ஆய்வகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. படிவத்தின் படமும் அதில் போகும். சொந்த அம்மாவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதை அவரிடம் சொன்னாயா என்றும் கேட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் நீ அம்மாவுக்குப் போன் செய்யாவிட்டால் தபாலில் போட்டுவிடுவேன். உன் படிப்பு, வேலை, பட்டம் எல்லாம் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நான் பல் பார்க்கிறவள், கூடவே இருக்கிறவள். எனக்கு வாயை மூடிக்கொண்டு, ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிற உனக்கு ஏன் திறக்கிறாள்? அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாய்?

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை நான் குச்சியோடு வந்தபோது எனக்கும் அம்மா வாயைத் திறக்கவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ் போடச் சொன்னாள். ஜன்னலையும் சாத்தச் சொன்னாள். பிறகு, "நாறும். பரவால்லயா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள் அக்கா. ஏன் இப்படிக் கேட்கிறாய் என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

உன் மகள் பிறந்து இருபது நாள் ஆகியிருந்ததாம். உன் மாமியார் இருந்தார்களாம், நாத்தனார் இருந்தார்களாம். அம்மா குழந்தையைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுக்கப் போனாளாம். நீ எல்லார் முன்னாலும் சொன்னாயாம்: "அம்மா, வாயக் கிட்ட கொண்டுபோகாத. உன் வாய் நாறுது. அதுல இருக்கறதெல்லாம் குழந்தைக்கு ஒட்டிக்கும்." அம்மா குழந்தையைப் பத்திரமாகக் கீழே கிடத்திவிட்டு, குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டு வாயைக் கழுவினாளாம். உதட்டையெல்லாம் தேய்த்துத் தேய்த்து.

அதற்கப்புறம் அவள் உன் மகளுக்கு முத்தம் கொடுத்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. தன் விரல்நுனியில் முத்தமிட்டு, அதைக் குழந்தையின் முடியில் தொடுவாள். ஏழு வருஷமாக அப்படித்தான்.

எச்சில் வழி கிருமி போகும் என்பது உண்மைதான். உனக்குப் பாடம் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, 'வா, உட்காரு, நான் சுத்தம் பண்ணிவிடறேன்' என்று அடுத்த வார்த்தையைச் சொல்ல உனக்கு ஏழு வருஷத்தில் நேரம் வரவில்லையே! ஊரார் வாயெல்லாம் நாறவில்லை, அம்மா வாய் மட்டும் நாறியது.

நான் என்ன சொக்குப்பொடி போட்டேன் என்று கேட்டாய். "நாறட்டும்மா, எனக்கு அதுதான் வேணும். உன் வாயிலதான் என் படிப்பே இருக்கு" என்றேன். சிரித்தாள். கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு திறந்தாள். அவ்வளவுதான். அவள் வாயை வேண்டுமென்று கேட்டது நான் ஒருத்திதான்.

ஆமாம், அங்கே யார் கையும் படவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். என் தலைவருக்கு நீ எழுதிவைத்த கடிதத்தில் இதையும் சேர்த்துக்கொள். அல்லது அதை எரித்துவிட்டு, எரித்தேன் என்று எழுது. எழுதினால் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். அதுவரை செய்யமாட்டேன். ஆறு பல்லுக்கு என் பத்து வருஷம் ஈடு என்றால் நல்ல பேரம்தான், யோசித்துக்கொள்.

தங்கை


ஜூலை 4

முயலுக்கு,

எரித்துவிட்டேன். அடுப்பில் வைத்து எரித்தேன். படிவத்தின் படத்தையும் போனிலிருந்து அழித்துவிட்டேன். வேறு நகல் இல்லை. நம்பு.

நீ எழுதியது அத்தனையும் நடந்தது. மாமியார் பக்கத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதுகூட நினைவிருக்கிறது. அம்மா கழுவிவிட்டு வந்து எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஆகையால் மறந்துவிட்டாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு வசதியான முடிவு!

உன் கடிதம் வந்த அன்று மகளைக் கூப்பிட்டு, "பாட்டிக்குக் கன்னத்துல ஒரு முத்தம் குடு, பாட்டியையும் குடுக்கச் சொல்லு" என்றேன். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். குழந்தை என்னை முட்டாளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "பாட்டி குடுக்க மாட்டாங்கம்மா. பாட்டி வாயில பூச்சி இருக்காம். எனக்கு ஒட்டிக்குமாம். பாட்டிதான் சொன்னாங்க." அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "விடு. பழகிடுச்சு" என்றாள்.

என் வார்த்தையை அவள் தன் வாயாலேயே குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதைவிட எனக்கு நீ என்ன தண்டனை தேடப் போகிறாய்?

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "கோவம் இருந்தா திட்டிடும்மா, வாய மட்டும் திறந்து காட்டு" என்று கேட்டேன். அதிலும் வாய்தான் எனக்கு முக்கியமாகப் போயிற்று. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் தினமும் விசாரிக்கிறார். முன்பல்லின் ஓரத்தில் சீழ் கட்டியிருக்கிறது, உதட்டுக்கு வெளியிலேயே தெரிகிறது. உன் இருபதாம் தேதிவரை தாங்காது. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் போன் செய்.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

நேற்று முன்தினம் செய்தேன். "போதும்மா, கிடைச்சதே நிறைய. நீ சிகிச்சை எடுத்துக்கோ, இருபதாம் தேதி நான் வரல" என்றேன். கையில் இருக்கிற பதினேழு மாதிரியை வைத்துக் கட்டுரையை முடித்துக்கொள்வேன்.

பிறகு கேட்டாள்:

"அப்ப இனிமே வரமாட்டியா?"

"வருவேம்மா."

"எதுக்கு?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளேதான், "சரி, வேலயப் பாரு" என்று வைத்தாள்.

தங்கை


ஜூலை 24

முயலுக்கு,

நீ போன் செய்த மறுநாள் அம்மா தானாகவே கிளம்பி நின்றாள். இந்தத் தடவை என்னை வெளியே நிறுத்தவில்லை. எச்சில் உறிஞ்சும் குழாயை நான்தான் பிடித்தேன். வாயைத் திறந்தாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எத்தனையோ வாயைப் பார்த்தவள் நான், அந்த வாயைப் பார்க்க முடியாமல் விளக்கை நிமிர்த்துவதுபோல் முகத்தைத் திருப்பினேன். இரண்டு நாள், இரண்டு தடவையாகச் செய்தோம். ஆறில் இரண்டு அன்றே கையோடு வந்துவிட்டது. நான்கு நிற்கும் போலிருக்கிறது. சாயங்காலம் நானே தேய்த்துவிடுகிறேன். பேசுவதில்லை, ஆனால் திறக்கிறாள்.

இப்போது உனக்கு ஒரு செய்தி. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யோசித்ததே உனக்காக இல்லை. எப்போது சொன்னால் அதிகம் வலிக்கும் என்றுதான்.

சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் அம்மா ஒரு மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறாள். நீ வரும் தேதிகளில் வட்டம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் இருபத்தொரு நாள், பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி. பழைய இரண்டு வருஷத்துக் காலண்டரும் சுருட்டி மேலே இருந்தது. அதிலும் அப்படியே. என்னவென்று கேட்டேன். பல் தேய்க்காத நாட்களாம்.

ஏழாவது தடவை நீ சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து நின்றாயாமே. குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்தத் தடவ ஒண்ணும் தேறலயே" என்றாயாமே. விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாய். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த பொண்ணு. மொகம் சுருங்கிப்போச்சு. வெறுங்கையோட அனுப்பலாமா?" அதிலிருந்து நீ வருவதற்கு மூன்று வாரம் முன்பே தேய்ப்பதை நிறுத்திவிடுவாளாம். எனக்குச் சந்தேகம் வராமலிருக்க பிரஷ்ஷை மட்டும் குழாயடியில் நனைத்து வைப்பாளாம். நீ வந்துவிட்டுப் போனதும் மறுபடி தேய்ப்பாளாம்.

இதுதான் உன் ஒன்பது வாரம். குச்சி தொட்டுக் கலைந்த கூட்டமாம், மறுபடி ஒன்றுசேர்கிறதாம், உலகத்தில் யாரும் எழுதாததாம்! அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம்தான் இந்த வருஷத்துக் காலண்டரை முழுசாகப் பார்த்தேன்.

மே பதினெட்டில் வட்டம், அதை அடித்து ஜூலை இருபதில் வட்டம். நீ தேதியைத் தள்ளிவைத்தாய். ஏப்ரல் கடைசியில் தொடங்கிய பெருக்கல் குறியை அவள் நிறுத்தவில்லை. மே முழுக்க. முகம் வீங்கிய ஞாயிற்றுக்கிழமையிலும் குறி இருக்கிறது. ஏழு பல் பிடுங்கிய செவ்வாய்க்கிழமையிலும் இருக்கிறது. ஜூன் முழுக்க. நீ போன் செய்த அன்றுதான் நின்றிருக்கிறது. நான் அவள் வாயைக் கெடுத்தேன் என்றாயே. சரி, நான் ஒரு நாள் கெடுத்தேன். நீ தேதி போட்டுக் கெடுத்தாய்.

உன் ஆய்வு இதனால் பொய்யாகிவிட்டதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் படிப்புக்கு உதவியதாகத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. போன திங்கட்கிழமை ஃப்ரீஸரைத் திறந்தேன். பழைய குழாய்களையெல்லாம் போன வாரமே குப்பையில் போட்டிருந்தேன். டப்பாவில் புதிதாக ஒரு குழாய் இருக்கிறது. ஜூலை 20 என்று அம்மா கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் பிடித்துவைத்திருக்கிறாள். தூக்கிப்போட இரண்டு தடவை கையில் எடுத்தேன், முடியவில்லை. நீ வந்து எடுத்துக்கொண்டு போ. வெறுமனே அவளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு வா. 'எதுக்கு' என்று கேட்டாளே, அதற்கு ஒரு பதிலோடு வா. உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

அக்கா


ஜூலை 31

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சிரித்தது நியாயம்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு நாள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. பதினேழு மாதிரி, நூற்றைம்பது குழாய், எல்லாம் அம்மா பிரஷ்ஷை நனைத்து வைத்த கணக்கு. இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தலைவரிடம் ஏதோ காரணம் சொன்னேன். கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தால் அம்மாவின் வாய் வாசனைதான் வரும், உனக்குத் தெரியாது. மூன்று வருஷமாக அந்த வாசனையில்தான் வேலை செய்தேன். திறந்து வைத்துக்கொண்டு நின்று அழுதேன். காகிதத்தில் அழுது காட்டச் சொன்னாயே, இதோ.

மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு ஆளைப் பல் தேய்க்காதே, ஈறு கெடட்டும் என்று வருஷக்கணக்கில் சொல்ல எந்த ஆய்வகத்துக்கும் அனுமதி கிடைக்காது. அம்மா யாரும் சொல்லாமலே செய்திருக்கிறாள். செய்ததோடு, எந்த நாள் தேய்த்தாள், எந்த நாள் தேய்க்கவில்லை என்று தேதி போட்டுக் குறித்தும் வைத்திருக்கிறாள். அந்தக் குறிகளையும் என் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நிறுத்திய எத்தனையாவது நாளில் எது முதலில் வருகிறது, மைத்துளி எப்போது வந்து உட்காருகிறது என்று நாள்வாரியாகச் சொல்லிவிடலாம். முன்னால் எழுதியதைவிட இது பெரிய கட்டுரை.

ஆகவே, மூன்று காலண்டரையும் பத்திரமாக வை. ஒவ்வொரு மாதத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு, பென்சில் குறி தெரிய வேண்டும். டப்பாவில் இருக்கிற குழாயைத் தூக்கிப்போடாதே, ஃப்ரீஸரை அணைத்துவிடாதே. நான் வர இரண்டு மாதமாவது ஆகும், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை இருபது காலையில் பல் தேய்த்துவிட்டு எச்சில் பிடித்தாளா, தேய்க்காமல் பிடித்தாளா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு எழுது. நீயாகக் கேட்காதே, நான் கேட்டதாகவே சொல். சந்தோஷப்படுவாள்.

முயல்